போணிக்கு முன்னால் சொன்ன பதில்

காலையில் கடை திறந்ததும் அப்பாவிடம் எதையும் கேட்கக் கூடாது. யாரும் சொல்லித் தந்து தெரிந்துகொண்டதில்லை இது, முறைப்பு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டது. தூத்துக்குடி மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் அப்பாவுக்கு ஒரு பைப் கடை. பிளாஸ்டிக் குழாய், குழாயோடு குழாயை இணைக்கும் எல்போ, டீ, கப்ளிங், செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை ஓஸ், உப்பளத்து மோட்டாருக்கு மாட்டும் தடித்த ஓஸ், இவைதான் சரக்கு. ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு உட்கார்ந்தால், அன்றைய முதல் விற்பனை ஆகும்வரை, அதாவது போணி ஆகும்வரை, அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வராது. ‘முடியாது’, ‘குறையும்’ எதுவும் வராது. வந்தவர் கேட்ட சாமான் கடையில் இல்லாவிட்டால்கூட, “உக்காருங்க அண்ணாச்சி, இந்தா எடுத்தாரேன்” என்று அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்து கொடுப்பார்.

போணி ஆகிவிட்டதோ, வேறு ஆள். வியாபாரம் படுத்துவிட்டது, ஊரே கெட்டுவிட்டது, இந்தத் தெருவில் கடை வைத்ததற்கு மாடு மேய்த்திருக்கலாம் என்று சாயங்காலம்வரை புலம்பித் தீர்ப்பார். இது அவர் ஒருவருக்கு மட்டும் உள்ள கிறுக்கும் இல்லை. தெருவில் இருக்கும் அத்தனை அண்ணாச்சிகளும் அப்படித்தான்.

சின்ன வயதில் ஒரு முறை, போணி ஆகாமல் அவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு, என் உண்டியல் காசைக் கொண்டுபோய் நீட்டி ஒரு எல்போ கேட்டேன். அப்பா சிரித்தார். காசை என் கையிலேயே வைத்து மூடினார். “ஏளா, வீட்டுக் காசு வீட்டுக்கே வந்தா அதுக்குப் பேரு போணியா?” என்றார். எல்போவைச் சும்மாவே கொடுத்தார். அதை ரொம்ப நாள் டெலிபோன் ரிசீவராக வைத்து விளையாடினேன்.

வளர்ந்து, படித்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா கடைக்குக் குழாய் கொடுக்கும் அதே கம்பெனி. உப்பைக் கரைத்து அதில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுப்பார்கள்; அதைக் கொண்டு பிளாஸ்டிக் பொடி செய்வார்கள்; பொடியை உருக்கிக் குழாயாக இழுப்பார்கள். கம்பெனி குழாய் போடத் தொடங்கியபோது ஊரில் அவர்களுக்கு டீலர் ஆன முதல் சிலரில் அப்பாவும் ஒருவர். கடை வாசலில் கம்பெனி பெயர் போட்ட நீலப் பலகை தொங்கும். அந்தப் பலகை இருக்கிறவரை சரக்கு நேரடியாக வரும். இல்லாவிட்டால் வேறொரு பெரிய கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி, அவர் விட்டுக்கொடுக்கும் லாபத்தில் பிழைக்க வேண்டும். அப்பா தினமும் சாமி படத்துக்குக் காட்டிய ஊதுபத்தியை வெளியே வந்து பலகைக்கும் ஒரு சுற்றுக் காட்டுவார். என் கம்பெனிப் பெயருக்கு நான்கூட அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

பிளாஸ்டிக் பிரிவில், அடுத்த வருடம் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிச் சொல்வது என் வேலை. சந்தை நிலவரம், வளர்ச்சித் திட்டம் என்றெல்லாம் அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. உண்மையில் எனக்கும் எங்கள் தெருக்கோடி ஜோசியருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவரும் கட்டம் போட்டுத்தான் சொல்கிறார், நானும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுத்தான் சொல்கிறேன். எங்கோ பாலைவனத்தில் எண்ணெய் என்ன விலை, எந்த நாட்டுத் தொழிற்சாலை மிஞ்சின பொடியை நம் துறைமுகத்தில் கொண்டுவந்து கொட்டப்போகிறது, டில்லியில் இறக்குமதி வரியை ஏற்றுவார்களா இறக்குவார்களா, மழை பெய்யுமா பெய்யாதா, இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு குழாயின் விலையை முடிவு செய்கின்றன. இதில் ஒன்றுகூட எங்கள் கையில் இல்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் ‘நாம் வளர்வோம்’ என்றுதான் எழுதுவோம்.

ஒரு வருடம் மும்பையில் இருக்கும் மேலிடத்துக்கு என் கட்டத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசனைக் குழுவைக் கூட்டிவந்தார்கள். எல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகள். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். தெற்கு மாவட்டங்களின் டீலர்கள் அத்தனை பேரையும் நேரில் பார்த்து, அடுத்த வருடம் எவ்வளவு கூடுதலாக எடுப்பீர்கள் என்று கேட்டு, அதிலிருந்து வளர்ச்சித் திட்டம் போடுவது அவர்கள் ஏற்பாடு. உள்ளூர்க்காரி என்று நானும் கூடப் போகத் தயாராக இருந்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். “உங்கப்பா நம்ம டீலருங்க. நீங்க போனா நாளைக்கு யாராச்சும் ஒண்ணு சொல்லுவாங்க. ஆபீஸ்லயே இருந்துக்கங்க” என்றார். நியாயம்தான். இருந்துகொண்டேன்.

பெங்களூர்ப் பிள்ளைகள் வேலையை முடித்துவிட்டுக் காட்டிய வரைபடங்களைப் பார்த்து மீட்டிங் ஹாலே குளிர்ந்துபோனது. தூத்துக்குடி மேலே போகிறது, விளாத்திகுளம் அதைவிட மேலே போகிறது, காயல்பட்டினம் சொல்லவே வேண்டாம். ஒரு டீலர்கூடக் குறையும் என்று சொல்லவில்லை. ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. நாற்பது வருடமாகப் புலம்பியே கடை நடத்தும் தெருவிலிருந்து இத்தனை மங்களமான பதிலா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தேநீர் இடைவேளையில் அந்தப் பிள்ளைகளில் ஒருவனிடம், கடைகளுக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டேன்.

“கடை திறந்த உடனே போயிடுவோம் மேம். அப்பத்தான் கஸ்டமர் இருக்க மாட்டாங்க, ஓனர் ஃப்ரீயா பேசுவாங்க” என்றான். தன் சாமர்த்தியத்தில் அவனுக்கே ஒரு திருப்தி.

போணி ஆகாத நேரத்தில், ஊதுபத்திப் புகை அடங்காத கடையில், அடுத்த வருடம் வியாபாரம் கூடுமா என்று கேட்டிருக்கிறார்கள். எந்த அண்ணாச்சி கூடாது என்பார்? அந்த நேரத்தில் கப்பல் வாங்குவீர்களா என்று கேட்டிருந்தாலும், ஒன்றுக்கு ரெண்டாய் எடுத்துக்கிடுதோம் என்றுதான் பதில் வந்திருக்கும்.

மீட்டிங் முடிந்ததும் தலைவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோயம்புத்தூரிலும் போணி உண்டு, அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இதை நான் மும்பைக்கு எப்படிங்க சொல்றது? எங்க டீலருங்க காலையில ஒண்ணு சொல்லுவாங்க, மத்தியானம் ஒண்ணு சொல்லுவாங்கன்னா? அவங்க வாயாலயே சொன்ன அளவுதானுங்க, இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்பாங்க.”

“மத்தியானத்துக்கு மேல ஒரு தடவை போய்க் கேட்டா போதும் சார். ஒரே ஒரு தெருவுல கேட்டாக்கூடப் போதும்.”

“நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா சொல்றது நீங்களாச்சே, அதுதான் பிரச்சினை. உங்கப்பாவுக்கு டார்கெட்டைக் குறைக்கத்தான் இதெல்லாம்னு சொல்லிருவாங்க.”

நான் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நிரூபித்து வாயை அடைத்திருப்பார்கள். உண்மையாக இருந்தும் அது மகள் வாயிலிருந்து வந்ததால் செல்லாது. கடைசியில் மனம் இரங்கி, வரைபடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போடச் சம்மதித்தார். ‘பதில்கள் கடை திறக்கும் நேரத்தில் பெறப்பட்டவை, உள்ளூர் வழக்கத்தைக் கருத்தில் கொள்ளவும்’ என்று போட்டேன். மும்பைக்குப் போன பிரதியில் இடம் போதவில்லை என்று அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். அப்பா ஒரு ஓஸை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளைங்க வந்து கேட்டதுக்கு என்னப்பா சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? சாமி கும்பிட்டுட்டு இப்பத்தான் உக்காந்திருக்கேன், வந்து நிக்கான். அடுத்த வருசம் கூட எடுப்பீங்களா அண்ணாச்சிங்கான். கடையத் தொறந்து வச்சிட்டு, இல்ல குறையும்னு என் வாயால சொல்லுவனா? எவ்வளவு கூடங்கான். நீங்களே பாத்துப் போட்டுக்கிடுங்க தம்பின்னேன். பாவம், நல்ல பையன். டீ வாங்கிக் குடுத்தேன்.”

“அதைத்தான் டார்கெட்டா போடப் போறாங்க. உங்களால விக்க முடியுமா?”

“இந்த வருசம் எடுத்ததே பின்னால கிடக்கு, பாக்கலியா நீ?”

“அப்ப ஒரு போன் போட்டு அதைச் சொல்லுங்கப்பா. அன்னைக்குக் காலையில சொன்னது சும்மா, இதுதான் நிஜம்னு.”

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். “ஏளா, காலைல கடைல நின்னு சொன்ன சொல்ல, பொழுது சாஞ்சு மாத்தச் சொல்லுதியா? அதுக்கு நான் கடையப் பூட்டிட்டுப் போயிரலாம்” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, டேப்லெட் மேலா, யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. ஆத்திரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

டார்கெட் வந்தது, வருடத்துக்கு இவ்வளவு எடுத்து விற்றாக வேண்டும் என்று. அப்பா அதை எட்டிவிடலாம் என்று உண்மையாகவே முயன்றார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு காயல்பட்டினத்துச் சந்துகளில், வளைகுடாப் பணத்தில் வீடு எழும்பும் இடமெல்லாம் போய் நின்றார். சாயர்புரத்தில் ஏதோ ஹாஸ்டல் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். விளாத்திகுளம் பக்கம் போர் போடுகிறவர்களைத் தேடிப் போனார். அந்த வருடம் அங்கே தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. போட்ட போரே வறண்டு கிடக்க, புதிதாக யார் போடுவார்கள்? அங்கே விளையும் மிளகாய்க்கும் விலை விழுந்து கிடந்தது. போன இடத்திலெல்லாம் பிளம்பர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வெளியூரிலிருந்து லாரியில் வரும் பெயர் தெரியாத குழாய் மலிவாகக் கிடைக்கிறது அண்ணாச்சி, உங்க குழாய் நல்ல குழாய்தான், ஆனால் வீட்டுக்காரர் விலையைத்தானே பார்க்கிறார்.

அந்த மலிவுக்குக் காரணம் எனக்குத் தெரியும். அலுவலக மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அந்த வருடம் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பொடி கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்தது, இங்கே மட்டுமில்லை, எல்லாத் துறைமுகங்களிலும். எங்கள் கம்பெனி செய்கிற விலைக்கும் கீழே அது வந்து சேர்ந்தது. காபி டம்ளரோடு மாடியில் நின்று நானும் தலைவரும் அதைப் பார்ப்போம். ஒரு பெட்டி கப்பலிலிருந்து எழும்பி, அந்தரத்தில் தொங்கி, லாரியில் இறங்கும். “அடுத்த வருசம் வரி போட்டுருவாங்கங்க” என்பார் அவர். போடுவார்கள் என்று நானும் எழுதினேன். எங்கள் வளர்ச்சித் திட்டமே அந்த ஒரு நம்பிக்கையில்தான் நின்றது. வரி வரவில்லை.

விற்காத குழாய் கடையில் கூரையைத் தொட்டது. பிறகு வீட்டுக்கு வந்தது. இருபதடிக் குழாய், வீட்டுக்குள் எங்கே வைக்க? பக்கச் சுவரை ஒட்டி, வாசல்முதல் கொல்லைவரை அடுக்கினோம். வெயில் பட்டால் குழாய் நிறம் மாறி நொறுங்க ஆரம்பிக்கும் என்று அப்பா அம்மாவின் பழைய சேலைகளை எடுத்து மூடினார். காற்றில் சேலை பறந்துகொண்டே இருக்கும், அம்மா கல்லை எடுத்து வைத்துக்கொண்டே இருப்பாள். “மகளுக்குச் சீர் குடுக்கத்தான் வீட்டுல சாமான் அடுக்குவாவ. நீங்க என்னன்னா கம்பெனிக்குச் சீர் அடுக்கி வச்சிருக்கீய” என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அப்பா அவள் வைத்த கல்லையே சரிப்படுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டமாக மும்பையிலிருந்து உத்தரவு வந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி வளரவில்லை. ஆகவே வளர்ச்சித் திட்டத்தைத் தீவிரமாக்க வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாவட்டத்துக்கு ஒரே ஒரு பெரிய ஸ்டாக்கிஸ்ட் போதும், பைபாஸ் ரோட்டில் குடோன் வைத்திருப்பவர். தாங்களே சொன்ன அளவை எட்டாத சின்ன டீலர்களை விட்டுவிடலாம் என்று முடிவானது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று பெயர்களைப் பிரிக்கும் கட்டத்தை நிரப்பும் வேலை என் மேஜைக்கு வந்தது. “வேற யாரையாச்சும் செய்யச் சொல்லட்டுங்களா?” என்று தலைவர் கேட்டார். யார் செய்தாலும் அதுதானே வரும் என்று நானே செய்தேன். விற்ற அளவை அடித்துவிட்டு விரலை எடுத்தேன். அப்பா கடைப் பெயர் இருந்த கட்டம் தானாகச் சிவந்தது. எந்த நிறம் வேண்டும் என்று அது என்னிடம் கேட்கக்கூட இல்லை.

பாத்ரூமுக்குள் போய் அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அப்பா கடையை விட்டுவைக்க முடியாதா என்று தலைவரிடம் ஒரு முறை கேட்டேன். அவர் மும்பைக்குப் போன் போட்டார், எனக்கு முன்னாலேயே போட்டார். அவர் தலையாட்டிய விதத்திலேயே மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. “திங்கக்கிழமை மத்தியானம் ஆளுங்க வந்து சொல்லிட்டு, போர்டைக் கழட்டிக்குவாங்க. அதுக்கு முன்னால நீங்க வீட்டுல சொல்லிருங்க” என்றார்.

ஞாயிறு முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா அன்று பூராவும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். சரக்கு இருக்கிறதே, நமக்காவது ஆகட்டும் என்று சிரித்தார். எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையில் கடைக்குப் போனேன். அப்பா ஷட்டரைத் தூக்கினார், தண்ணீர் தெளித்தார். ஊதுபத்தியைச் சாமிக்குக் காட்டிவிட்டு வெளியே வந்து பலகைக்கும் காட்டினார். வேலை நாளில் நான் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் கேட்கவில்லை. போணி ஆகாமல் கேட்கவும் மாட்டார், நானும் சொல்ல முடியாது.

போணி ஆகட்டும், சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். உப்பு லாரிக்காரர் ஒருவர் நின்று பைபாஸுக்கு வழி கேட்டார். எதிர்க்கடையில் பல்பு வாங்கிய பெண் எங்கள் கடையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனாள். அப்பா குழாய்களைத் துணியால் துடைத்தார், துடைத்த குழாயையே மறுபடியும் துடைத்தார். தெருவில் வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மதியம் ஆட்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள். அவர்கள் வாயிலிருந்து அவர் அதைக் கேட்கக் கூடாது.

எழுந்தேன். ஆணியில் மாட்டியிருந்த வெள்ளை டேப் சுருள் ஒன்றை, தண்ணீர் கசியாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றுவார்களே அதை, எடுத்துக்கொண்டேன். பர்ஸிலிருந்து ஒரு இருபது ரூபாய்த் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

அப்பா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே என் கையை மூடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெளியே தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார்.

“இனிச் சொல்லு” என்றார்.

சொன்னேன். பெரிய ஸ்டாக்கிஸ்ட் வருவதை, பலகையைக் கழற்ற ஆள் வருவதை, நான் செய்து பார்த்ததை, ஒன்றும் நடக்காததை. அவர் எல்லாம் முடிந்ததும் துணியை மடித்து மேஜை மேல் வைத்தார்.

“அன்னைக்கு அந்தத் தம்பி கேட்டாம்லா, அந்தக் கேள்விய நீ இப்ப ஒருக்கா கேளு.”

“என்னத்துக்குப்பா? எல்லாம் முடிஞ்சு போச்சு.”

“கேளுங்கேன்.”

கேட்டேன். “அடுத்த வருசம் கூட எடுப்பீங்களா அண்ணாச்சி?”

“இல்ல” என்றார் அப்பா. “முடியாதும்மா. எடுத்ததே விக்க மாட்டேங்கு.”

கையில் தாளோ பேனாவோ இல்லாமல், டேப் சுருளை உருட்டிக்கொண்டு நின்றேன்.

“எழுதிக்கிட்டியா?” என்று கேட்டார்.

“எழுதிட்டேன்பா” என்றேன்.